சிவப்பு அட்டை ஆங்கில இலக்கணம்: தமிழ் பேசுபவர்கள் அதை எப்படிப் படிப்பது?

ஆங்கில இலக்கணத்தை அடியிலிருந்து சொந்தமாகக் கற்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால், ரேமண்ட் மர்ஃபியின் 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' என்றுதான் சொல்வோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1990இல் இதை முதலில் வெளியிட்டது. இங்கே பேசுவது 2015இல் வந்த நான்காம் பதிப்பைப் பற்றி. சிவப்பு அட்டை, 115 யூனிட்கள், 300 பக்கங்களுக்கு மேல்.

வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். அதே ஆசிரியரின் நீல அட்டைப் புத்தகம் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' இதைவிடப் பிரபலம். பெயரைக் கேள்விப்பட்டு நேராக நீலத்தை வாங்கி, இருபதாவது யூனிட்டுக்குள் மூடி வைத்துவிடுபவர்கள் நிறைய. நீலம் இடைநிலைக்கு எழுதப்பட்டது. 'ஹி டோன்ட் லைக்' என்பதா 'ஹி டஸன்ட் லைக்' என்பதா என்று ஒரு நொடி தயங்குகிற எவருக்கும் சிவப்புதான் சரி. நன்றாகப் படித்தவர், வேலையில் தினமும் ஆங்கிலம் பார்ப்பவர் என்றாலும் இதேதான். அட்டையில் 'தொடக்க நிலை' என்று இருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவருக்கு இது உதவாது. விளக்கங்களும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. சின்ன வாக்கியங்கள்தான், கலைச்சொற்களும் குறைவு, படங்களும் உண்டு. இருந்தாலும் ஓர் எளிய ஆங்கிலப் பத்தியை மெதுவாகவாவது படித்துப் புரிந்துகொள்ளும் அளவு பழக்கம் வேண்டும். அது இல்லாதவர் முதலில் தமிழ்வழி விளக்கம் உள்ள ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு வரலாம்.

இன்னொன்று, விடைகள் உள்ள பதிப்பு, இல்லாத பதிப்பு என இரண்டு உண்டு. இல்லாதது ஆசிரியர் வைத்து நடத்தும் வகுப்புக்கானது. தனியாகப் படிப்பவர் கையில் அது பாதிப் புத்தகம்தான். அட்டையில் 'வித் ஆன்சர்ஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்நூலோடு சேர்ந்து வரும் பதிப்பில் ஒலிப்பதிவும் உண்டு. அதன் பயன் பிறகு வருகிறது.

அமைப்பு

இந்தப் புத்தகத்தின் பலமே அதன் அமைப்பு. விரித்து வைத்தால் இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. ஒரு யூனிட்டுக்கு அந்த இரண்டு பக்கம்தான், அதற்கு மேல் போகாது. ஒரு விதியைப் படித்ததும் அதைக் கையால் எழுதிப் பார்க்க இடம் எதிரிலேயே இருக்கிறது. நாம் பள்ளியில் பார்த்த இலக்கண நூல்கள் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று வரையறையில் தொடங்கும். இது 'ஆம், இஸ், ஆர்' என்று நேராக வாக்கியத்தில் இறங்கிவிடும். 1 முதல் 9 வரை நிகழ்காலம், 10 முதல் 14 வரை இறந்தகாலம், 15 முதல் 20 வரை பிரசென்ட் பெர்ஃபெக்ட் ('ஐ ஹேவ் டன்' வகை). ஆர்ட்டிகிளும் ('எ', 'அன்', 'தி') பெயர்ச்சொல்லும் 65இல் தொடங்குகின்றன. முன்னிடைச்சொற்கள் ('அட்', 'ஆன்', 'இன்' போன்றவை) 103 முதல்.

பின்பகுதியில் ஏழு பின்னிணைப்புகள், கலவையான கூடுதல் பயிற்சிகள், 'ஸ்டடி கைடு', விடைகள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டும் என்று புத்தகம் கேட்பதில்லை. பாடத்திட்டமாக அல்ல, தேவையான இடத்தைத் திறந்து பார்க்கத்தான் எழுதியிருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் யூனிட் 1இல் தொடங்கி, முப்பதோடு நின்றுவிடுகிறோம். ஆர்ட்டிகிள் வரைக்கும் போவதே இல்லை. தமிழருக்கு மிக அதிகமாக வேண்டிய பகுதி 65க்குப் பிறகு இருக்கிறது என்பதால் இது பெரிய நஷ்டம்.

ஆகவே ஸ்டடி கைடிலிருந்து தொடங்குங்கள். வாக்கியத்தில் ஓர் இடத்தை விட்டு, அதற்கு ஏ, பி, சி என்று விடைகள் தந்திருப்பார்கள். சில கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் எந்த யூனிட்டைப் படிக்க வேண்டும் என்ற எண் இருக்கும். தவறியவற்றை மட்டுமல்ல, ஊகித்துச் சரியாகப் போட்டவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊகித்துப் போட்டது தெரிந்ததாகக் கணக்கில் வராது. அறுபது யூனிட் தேறினால் வாரத்துக்கு நான்கு என்று வைத்து, நான்கு மாதத்தில் முடித்துவிடலாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று விழுங்கினால் மனதில் எதுவும் தங்காது.

வலப்பக்கத்தை எப்படிச் செய்வது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இடப்பக்கத்தைப் படித்த கையோடு வலப்பக்கப் பயிற்சியைச் செய்தால் பத்துக்குப் பத்து வரும். வராமல் எப்படி இருக்கும்? யூனிட் முழுக்க பிரசென்ட் கன்டினியூயஸ் ('ஐ ஆம் டூயிங்' வகை) என்றால் எல்லா விடையிலும் 'இங்' தான். எந்த வடிவத்தை எடுப்பது என்ற முடிவை நீங்கள் எடுக்கவே இல்லை, தலைப்பு உங்களுக்காக எடுத்துவிட்டது. பேசும்போது தலைப்பு கூட வராது. அதனால்தான் புத்தகத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர் பேச்சில் தடுமாறுகிறார்.

சரி செய்ய எளிய வழி இருக்கிறது. இன்று இடப்பக்கத்தைப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அந்த விதியில் உங்கள் வேலை, வீடு, அன்றைய நாள் பற்றி மூன்று வாக்கியம் எழுதுங்கள். வலப்பக்கத்தை நாளைக்கு, இடப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள். புத்தகத்தில் எழுத வேண்டாம், தனி நோட்டில் எழுதுங்கள். வெறும் சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். விடை பார்த்துத் தவறியதைச் சிவப்பில் திருத்தி, நான்கு நாள் கழித்துத் தவறியவற்றை மட்டும் திரும்பச் செய்யுங்கள். நாலைந்து யூனிட் முடிந்ததும் பின்னால் உள்ள கூடுதல் பயிற்சிகளுக்குப் போங்கள். அவை பல யூனிட்களைக் கலந்து கேட்பவை. உண்மையான தேர்வு அங்கேதான் நடக்கிறது. பலர் அந்தப் பக்கங்களைத் தொடுவதே இல்லை.

தமிழ் பேசுபவர் நின்று படிக்க வேண்டிய இடங்கள்

உலகம் முழுவதற்கும் எழுதிய புத்தகம் இது. எந்தத் தாய்மொழிக்காரர் எங்கே தடுக்கி விழுவார் என்று அதற்குத் தெரியாது. எல்லா யூனிட்டுக்கும் அதே இரண்டு பக்கம்தான். ஆனால் நமக்குச் சில இடங்களில் இரண்டு பக்கம் போதாது.

முதலாவது 'டூ, டஸ், டிட்'. தமிழில் கேள்வி கேட்க வினையின் கடைசியில் ஓர் ஆகாரம் போட்டால் போதும்: போனான், போனானா. ஆங்கிலத்தில் இதற்கென்று தனியாக ஒரு துணைவினை முன்னால் வந்து, காலத்தையும் 's' ஒலியையும் தானே வாங்கிக்கொள்கிறது. 'ஷி வொர்க்ஸ் ஹியர்' என்பதைக் கேள்வியாக்கிப் பாருங்கள். முதலில் 'வொர்க்ஸ்' என்பதை 'டஸ்', 'வொர்க்' என்று இரண்டாகப் பிரியுங்கள். 's' இப்போது 'டஸ்'ஸில் இருக்கிறது, வினையில் இல்லை. பிறகு 'டஸ்' எழுவாய்க்கு முன்னால் போகிறது: 'டஸ் ஷி வொர்க் ஹியர்?' இறந்தகாலத்திலும் இதே கணக்கு. 'வென்ட்' என்பது 'டிட்', 'கோ' என்று பிரியும். காலம் 'டிட்'டிலேயே இருப்பதால் 'டிட் யூ கோ?' தான், 'டிட் யூ வென்ட்?' கிடையாது. எதிர்மறைக்கும் அதே: 'ஐ டிடன்ட் கோ'. இந்தப் பிரிக்கும் வேலையை இருபது முப்பது வினைகளில் கையால் எழுதிப் பாருங்கள். யூனிட் 5, 6, 7 மூன்றையும் ஒரே மூட்டையாகவும், 11, 12 இரண்டையும் இன்னொரு மூட்டையாகவும் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

'யார் பார்த்தது' வகைக் கேள்வியில் மட்டும் 'டிட்' வராது. 'ஹூ' தானே எழுவாயாக இருக்கும்போது 'ஹூ சா யூ?' போதும். 'ஹூ டிட் யூ சீ?' என்றால் பார்த்தது நீங்கள், பார்க்கப்பட்டது வேறொருவர். யூனிட் 45 இதற்கென்றே இருக்கிறது. தவற விடாதீர்கள்.

நிகழ்காலத்தின் அந்த 's' ஏன் இவ்வளவு மறந்துபோகிறது? தமிழில் நான், நீ, அவன், அவள், அது என்று ஒவ்வொன்றுக்கும் வினைமுடிவு மாறும். எல்லா இடத்திலும் மாறுவதால் கவனிக்காமலேயே சரியாக வரும். ஆங்கிலத்தில் ஹி, ஷி, இட் என்ற ஓர் இடத்தில் மட்டும் மாறுவதால் அது நாக்கில் பழகுவதில்லை. விதி தெரியாததால் வரும் பிழை இல்லை இது, வாய்ப்பழக்கம் போதாததால் வருவது. அதனால் யூனிட் 5ஐ எழுதினால் மட்டும் போதாது, விடைகளைச் சத்தமாக ஐந்து முறை படிக்க வேண்டும்.

அடுத்தது யூனிட் 8. பிரசென்ட் சிம்பிளையும் ('ஐ டூ' வகை) பிரசென்ட் கன்டினியூயஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பாடம். நாம் கன்டினியூயஸை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்' எல்லாம் இங்கே திருந்த வேண்டியவை. 'நோ', 'லைக்', 'வான்ட்', 'நீட்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'பிலீவ்', 'ரிமெம்பர்' போன்ற வினைகள் ஒரு செயலைச் சொல்வதில்லை, ஒரு நிலையைச் சொல்கின்றன. நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட அங்கே எதுவும் இல்லை, எனவே 'இங்' வராது. 'ஹேவ்' மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும்: உடைமை என்றால் 'ஐ ஹேவ்', சாப்பிடுகிறேன் என்ற பொருளில் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்'. இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

பிரசென்ட் பெர்ஃபெக்டுக்குப் புத்தகம் ஆறு யூனிட் கொடுத்திருக்கிறது. அது அத்தனைக்கும் தகுதியான பகுதி. தமிழில் 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று சொன்னால் யாருக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' பிழை. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019', 'டூ டேஸ் அகோ' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் பாஸ்ட் சிம்பிள் மட்டுமே: 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே'. எப்போது என்பது முக்கியமில்லாமல், நடந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும் பேச்சாக இருந்தால் பெர்ஃபெக்ட். வாக்கியத்தில் நேரச்சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பாதிக் கேள்விகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

இதன் மறுபக்கம்தான் 'ஃபார்', 'சின்ஸ்'. மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன் என்பதைத் தமிழில் நிகழ்காலத்தில்தான் சொல்வோம். அதை அப்படியே தூக்கி வைத்தால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வரும். அதில் இரண்டு பிழைகள். தொடங்கியது முன்பு, இன்னும் தொடர்கிறது என்றால் 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர்' அல்லது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர்' என்றுதான் வர வேண்டும். பிறகு 'த்ரீ இயர்ஸ்' என்பது கால அளவு, அதற்கு 'ஃபார்'. தொடங்கிய புள்ளியைச் சொன்னால்தான் 'சின்ஸ்': 'சின்ஸ் 2019', 'சின்ஸ் மண்டே'. யூனிட் 18, 19 இரண்டையும் அடுத்தடுத்த நாளில் முடியுங்கள்.

ஆர்ட்டிகிள்: புத்தகம் நன்றாகச் சொல்லி, நமக்குப் போதாமல் விடும் இடம்

65 முதல் 73 வரையுள்ள யூனிட்கள் தெளிவானவை. 'அன்' எழுத்தைப் பார்த்து வருவதில்லை, ஒலியைப் பார்த்து வருகிறது. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' (hour) என்ற ஆங்கிலச் சொல்லில் 'எச்' ஒலிக்காததால் 'அன் அவர்'. 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'. இதெல்லாம் ஒரு நாளில் பிடிபடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்ட்டிகிள் என்ற பழக்கமே தமிழில் இல்லாததால், அது இல்லாத வாக்கியம் நம் காதுக்குக் குறையாகவே தெரியாது.

விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்பது பலன் தருகிறது. கேட்பவருக்கு எது என்று தெரியுமா? தெரியும் என்றால் 'தி', அதோடு முடிந்தது. தெரியாது என்றால், இது எண்ணக்கூடியதா? எண்ண முடியாத 'வாட்டர்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' போன்றவற்றுக்கு 'எ' கிடையாது, 's' சேர்த்துப் பன்மையாக்கவும் முடியாது. எண்ணக்கூடியது என்றால், ஒன்றா பலவா? ஒன்று என்றால் 'எ' அல்லது 'அன்' கட்டாயம். பல என்றால் வெறுமனே விடலாம் அல்லது 'சம்' போடலாம்.

'ஐ பாட் எ பேக் அண்ட் எ பென். தி பேக் இஸ் பிளாக்.' இதில் ஓட்டிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் எந்தப் பை, எந்தப் பேனா என்று கேட்பவருக்குத் தெரியாது, எண்ணக்கூடியவை, ஒவ்வொன்றுதான், எனவே 'எ'. இரண்டாம் வாக்கியத்துக்குள் பை அறிமுகமாகிவிட்டது, எனவே 'தி'. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் ஆங்கில வாக்கியத்தில் பெரும்பாலும் மொட்டையாக நிற்காது. முன்னால் 'எ', 'தி', 'மை', 'திஸ்' என்று ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் தேடினாலே நம்முடைய ஆர்ட்டிகிள் பிழைகளில் பெரும்பகுதி கண்ணில் பட்டுவிடும். 'கோ டு வொர்க்', 'கோ டு பெட்', 'அட் ஹோம்' போன்ற விலக்குகளை யூனிட் 71 தனியாகத் தருகிறது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், காரணம் தேடி நேரம் போக்காதீர்கள்.

பயிற்சிக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். ஏதாவது ஓர் எளிய ஆங்கிலப் பத்தியில் எல்லா ஆர்ட்டிகிளையும் அடித்துவிட்டு நகல் எடுத்து, மறுநாள் நீங்களே நிரப்பி மூலத்தோடு ஒப்பிடுங்கள். இடம் விட்டுக் கோடு போடாதீர்கள். எங்கே வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சியே. புத்தகத்தின் கோடிட்ட இடங்கள் அந்த வேலையை நமக்குத் தருவதில்லை.

முன்னிடைச்சொற்களில் நேரத்துக்கான யூனிட் 103 போதும்: மணிக்கு 'அட்', நாளுக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதம், வருடத்துக்கு 'இன்'. இடத்துக்கானவை மெதுவாகத்தான் வரும். ஆனால் 'டிஸ்கஸ் அபவுட்', 'மேரிட் வித்' போன்ற நம்மவர் பிழைகளுக்கு உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். 'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளை எடுக்கும், 'மேரிட்' என்பதற்கு 'டு'. மறைமுகக் கேள்வியும் இதே பட்டியலில் சேரும்: 'வேர் இஸ் ஹி?' நேர்க்கேள்வி, ஆனால் 'டெல் மீ வேர் ஹி இஸ்'. உள்ளே போன கேள்வி சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடுகிறது.

குறைகள்

எல்லாப் பயிற்சியும் எழுத்துப் பயிற்சி. பேச்சு வேகம் இந்தப் புத்தகத்தால் வராது. மின்நூலில் உள்ள ஒலிப்பதிவைக் கேட்டு வாக்கியங்களைத் திரும்பச் சொல்வது ஓரளவு உதவும். குறிப்பாகச் சுருக்க வடிவங்களுக்கு இது அவசியம். 'ஹீஸ்' என்று காதில் விழுவது 'ஹி இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஹி ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். அடுத்து வருவது 'இங்' வடிவமா, 'டன்', 'கான்' போன்ற வடிவமா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் பிரிக்க முடியும். நான்காம் பின்னிணைப்பு இந்தச் சுருக்கங்களைப் பட்டியலிடுகிறது.

மொழி நடை பிரிட்டிஷ். 'ஐ ஹேவ் காட்' நிறைய வரும். பேச்சில் வெறும் 'ஐ ஹேவ்' என்றே சொல்லலாம், யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்க வழக்கு வேண்டியவருக்கு 'பேசிக் கிராமர் இன் யூஸ்' என்று இதற்கு இணையான பதிப்பு இருக்கிறது. இரண்டையும் வாங்கத் தேவையில்லை.

பயிற்சிகளின் எண்ணிக்கையும் சில யூனிட்களுக்குப் போதாது. 'டூ, டஸ்' பகுதியிலும் பெர்ஃபெக்ட் பகுதியிலும் இது தெளிவாகத் தெரியும். இதே புத்தகத்துக்குத் துணையாக ஹெலன் நெய்லரும் மர்ஃபியும் சேர்ந்து எழுதிய 'சப்ளிமென்டரி எக்சர்சைசஸ்' என்ற தனிப் பயிற்சி நூல் உண்டு. எல்லோருக்கும் அது தேவைப்படாது. ஒரு யூனிட்டை இரண்டு முறை செய்தும் கூடுதல் பயிற்சியில் தவறுகிறவர்கள் வாங்கலாம்.

'நான் முன்பே தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' போன்ற நடக்காமல் போன நிபந்தனைக்கும், பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கும் ('ஐ ஹேட் டன்' வகை) நீலப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். போவதற்கு முன் ஒரு சோதனை: இன்று நடந்ததைப் பற்றி ஒரு பக்கம், புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து நீங்களே திருத்துங்கள். 'ஹி, ஷி' வினைகள், 'டிட்' வாக்கியங்கள், எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொற்கள் ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு பிழைக்கு மேல் இருந்தால் சிவப்பிலேயே அந்தந்த யூனிட்டுக்குத் திரும்புங்கள். அதற்குள் இருந்தால் நீலத்தை வாங்கி, அதிலும் பின்னால் உள்ள ஸ்டடி கைடிலிருந்தே தொடங்குங்கள். 145 யூனிட்களில் முதல் பகுதி பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே முடித்த காலங்கள்தான்.